அவனையும் நாடகத்துக்கு அழைத்துப் போக

எங்கள் பக்கம் 'தியேட்டர்' என்றால் சினிமாக் கொட்டகைதான். நாடகம் என்றால் கோயில் கொடை. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் அறுவடை முடிந்து நிலம் வெடித்துக் கிடக்கும் மாதங்களில் வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் கட்டபொம்மனும் விடிய விடிய நடக்கும். தமிழ் நாடக உலகின் முன்னோடியான சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பிறந்த காட்டுநாயக்கன்பட்டியும் நம் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு நாடகம் புதிதல்ல. கதவை மூடி, விளக்கை அணைத்து, எண்ணிட்ட நாற்காலியில் பேசாமல் உட்கார வைக்கும் அரங்கம்தான் புதிது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வேடிக்கை. சிலருக்கு அது பெரும் பயம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் நடுநிலைப் பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகளை ஒரு குழந்தைகள் நாடகத்துக்கு அழைத்துச் சென்றோம். அவர்களில் ஆட்டிசம் உள்ள ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனும் இருந்தான். அவனிடம் 'நாடகம் பார்க்கப் போறோம்' என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. விளக்கு அணைந்தது. அடுத்த நொடி ஒலிபெருக்கியில் பறை அதிர்ந்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். நாற்காலிக்கு அடியில் புகுந்தான். முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "இந்த மாதிரிப் பிள்ளைகள எதுக்குக் கூட்டிட்டு வர்றீங்க?" என்றார். எனக்கு அவமானமாகிவிட்டது. அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவன் என் மணிக்கட்டைக் கடித்தான். இழுத்தது என் தவறு என்று இப்போது தெரிகிறது, அன்று தெரியவில்லை.

மறு ஆண்டு நாடகத்துக்குப் போகும் மாணவர் பட்டியலை நான்தான் எழுதினேன். அவன் பெயரை எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வேன் வந்து நின்றபோது அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றான்.

அவனை வரிசையிலிருந்து பிரித்து வகுப்பில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனோம். அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். எங்கள் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்கத் தொடங்கினேன். இந்த ஆண்டு நாங்கள் செய்ததையும் அதில் தவறியதையும் மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அழைத்துப் போவது நாம் காட்டும் இரக்கம் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம் அவற்றில் ஒன்று. அதன் 16ஆம் பிரிவு, மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்வதோடு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைத் தர வேண்டும் என்று கல்வி நிறுவனங்களைப் பற்றியே சொல்கிறது. பண்பாட்டு வாழ்க்கையில் பங்கேற்கும் உரிமையை 29ஆம் பிரிவு பேசுகிறது. பட்டியலில் ஒரு பெயரை விட்டபோது நான் விட்டது இதைத்தான்.

அலறல் அடம் அல்ல

நம் காதில் விழும் எல்லா ஒலியையும் மூளை ஒரே அளவில் எடுத்துக்கொள்வதில்லை. மின்விசிறிச் சத்தத்தை ஒதுக்கிவிட்டு ஆசிரியரின் குரலைக் கவனிக்க நம்மால் முடிகிறது. சில குழந்தைகளுக்கு இந்த ஒதுக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. மின்விசிறி, பெஞ்சு இழுபடும் ஓசை, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, எல்லாம் ஒரே உரப்பில் வந்து மோதும். சில ஒலிகள் உடலில் வலியாகவே இறங்கும். ஒளி, வாசனை, தொடுதல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மழைக்குப் பின் கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டால் மற்றப் பிள்ளைகள் குச்சியால் சுரண்டிவிட்டு ஓடுவார்கள். எங்கள் மாணவன் ஓரடி எடுத்து வைக்க மாட்டான். நான் அதைப் பல நாள் அடம் என்றே நினைத்திருந்தேன்.

இதற்கு எதிர்நிலையும் உண்டு. சிலருக்குப் புலன் தூண்டல் போதாது. அவர்கள் ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேட்பார்கள், சுற்றுவார்கள், குதிப்பார்கள். ஒரே குழந்தைக்குச் சத்தம் அதிகமாகவும் தொடுதல் போதாமலும் இருக்கக்கூடும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேடு, இப்படிப்பட்ட புலன் வேறுபாட்டை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை திடீர் ஓசைக்கு உடல் முழுவதும் அதிர்ந்து விறைக்கலாம். காது கேட்கும் கருவி அணிந்த குழந்தைக்குக் கைதட்டல் கூட உறுத்தலாம். வலிப்பு உள்ள சில குழந்தைகளுக்கு விட்டு விட்டு மின்னும் விளக்கு ஆபத்தானது. எந்தப் பெயரும் சூட்டப்படாத, வெடிச்சத்தத்துக்கு வீட்டுக்குள் ஓடும் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். சிவகாசி பக்கத்தில் இருக்கும் ஊர்களில் இதைச் சொல்லத் தேவையில்லை.

நியூயார்க்கில் ஒரு மதியம்

2011 அக்டோபர் 2ஆம் தேதி நியூயார்க்கின் மின்ஸ்காஃப் அரங்கில் 'தி லயன் கிங்' இசை நாடகம் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமாகத் தனியே நடத்தப்பட்டது. தியேட்டர் டெவலப்மெண்ட் ஃபண்ட் என்ற அமைப்பு ஏற்பாடு செய்தது. நாடகத்தின் கதையில் கை வைக்கவில்லை. திடுக்கிட வைக்கும் ஒலிகளைக் குறைத்தார்கள். கண்ணைப் பறிக்கும் மின்னல் விளக்குகளைத் தவிர்த்தார்கள். அரங்குக்கு வெளியே ஓய்ந்து உட்கார அமைதியான இடங்களும், உதவத் தன்னார்வலர்களும் இருந்தார்கள். அரங்கில் என்ன நடக்கும் என்று படங்களோடு விளக்கும் கதை ஒன்றைக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். எழுந்து நடக்கலாம், சத்தம் போடலாம், வெளியே போய் மீண்டும் வரலாம். இத்தகைய காட்சிகள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. சினிமாவில் இது இன்னும் முன்பே, 2007இல், அமெரிக்காவின் ஏ.எம்.சி. திரையரங்குகளில் தொடங்கிவிட்டது.

இந்தியாவில் திரையரங்குகளுக்கான அணுகல் வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. அவை பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளவர்களை மனத்தில் வைத்தவை. சத்தமும் இருட்டும் தாங்காத குழந்தைக்கான ஏற்பாட்டை இப்போதைக்கு நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

நியூயார்க் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. எழுந்து போகலாம், திரும்பி வரலாம், நடுவில் தூங்கலாம், பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு சுற்றலாம் என்பதெல்லாம் நம் கொடை நாடகத்தில் என்றைக்கும் உள்ள வழக்கம்தானே. சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை யாரும் இருட்டில் அடைப்பதில்லை. எங்கள் மாணவனின் அம்மா பிறகு சொன்னார், ஊர்க் கொடையில் அவன் மேடையிலிருந்து தள்ளி, வேப்பமரத்தடியில் நின்று, ராஜபார்ட்டின் கிரீடத்தையே இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பானாம். கூம்பு ஒலிபெருக்கி கட்டிய பக்கம் மட்டும் போக மாட்டானாம். அவனுக்கு நாடகம் பிடிக்காது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அம்மாவிடம் கேட்டது

ஆயத்தம் இந்தப் பேச்சிலிருந்துதான் தொடங்கியது. அவர் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "வேண்டாம் டீச்சர். எல்லார் முன்னாடியும் அழுதுருவான். போன தடவ பட்டதே போதும்" என்றார் முதலில். நான் வற்புறுத்தவில்லை. அவனுக்கு எந்தச் சத்தம் ஆகாது என்று மட்டும் கேட்டேன். மிக்சி ஆகாது, குக்கர் விசில் ஆகாது; ஆனால் விசில் வரப்போகிறது என்று முன்னால் சொல்லிவிட்டால் தானே காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிடுவான் என்றார். 'முன்னால் சொல்லிவிட்டால்' என்ற அந்தச் சொல்தான் எங்களுக்குச் சாவி.

எந்தச் சத்தம், எந்த வாசனை, யார் தொட்டால் பொறுப்பான், பயம் வருவதற்கு முன்னால் உடலில் என்ன தெரியும், எதைக் கையில் கொடுத்தால் அடங்குவான் என்ற கேள்விகளை ஒவ்வொரு பெற்றோரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவ அட்டையில் இவை இருக்காது. வலிப்பு, மருந்து நேரம் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். எங்கள் மாணவனுக்குப் பயம் வரும்முன் வலது கை விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கும். மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தியும் நான் இதைக் கவனித்ததில்லை.

அரங்கைப் பார்த்து வருவது

நாடகத்துக்கு இரண்டு வாரம் முன்பு சிறப்புப் பயிற்றுநரும் நானும் அரங்குக்குப் போனோம். வாசலிலிருந்து இருக்கை வரை ஒரு குழந்தை நடக்கும் வழியிலேயே நடந்து பார்த்தோம். எழுந்தவுடன் 'டப்' என்று மடங்கும் நாற்காலிகள், இரும்புக் கதவின் ஓசை, கழிப்பறையின் பினாயில் நெடி, மின்தடை ஏற்பட்டால் சன்னலுக்கு வெளியே உறுமும் ஜெனரேட்டர், இவை எதுவும் எனக்கு முன்பு கண்ணில் பட்டதில்லை. ஒலிபெருக்கிப் பெட்டிகள் மேடையின் இரு பக்கமும் இருந்தன. அவற்றுக்கு நேரே வராத, கதவுக்குப் பக்கத்து வரிசையின் ஓர இருக்கையைக் கேட்டு வாங்கினோம். கதவுக்கு வெளியே ஒரு தாழ்வாரம், அங்கே ஒரு திண்ணை. அதையே ஓய்விடமாக வைத்துக்கொண்டோம்.

நாடகக் குழுவிடம் பேசத் தயங்க வேண்டாம். நாடகம் எவ்வளவு நேரம், எந்த இடத்தில் முழு இருட்டு, எந்த இடத்தில் பெருஞ்சத்தம், புகை உண்டா, மின்னும் விளக்கு உண்டா, நடிகர்கள் பார்வையாளர் நடுவே இறங்கி வருவார்களா என்று கேளுங்கள். மின்னும் விளக்கு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது காட்சி ஊடகங்களில் பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லை. நாங்கள் சந்தித்த குழுவினர் ஒலியைக் குறைக்க உடனே ஒப்புக்கொண்டார்கள். பக்கவாட்டு விளக்குகள் இரண்டை எரியவிடவும் சம்மதித்தார்கள். முழு இருட்டு வரும் ஒரு காட்சியை மட்டும் மாற்ற முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான். தமிழில் குழந்தைகள் நாடகம் பெரும்பாலும் குழந்தைகளைக் கத்தவும் ஆடவும் அழைப்பது. புதுச்சேரி வேலு சரவணனின் நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அந்தக் கும்மாளம்தான் அவற்றின் உயிர். அதைக் குறைக்கச் சொல்ல முடியாது. எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு நம் குழந்தையை ஆயத்தப்படுத்தலாம்.

படக்கதை

அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. குழந்தை சந்திக்கப் போகும் சூழலை அதன் கண்ணிலிருந்து, எளிய வாக்கியங்களில், படங்களோடு சொல்வது. 'இப்படிச் செய், அப்படிச் செய்யாதே' என்ற கட்டளைகள் குறைவாகவும், 'இப்படி நடக்கும்' என்ற விவரிப்பு மிகுதியாகவும் இருக்க வேண்டும். அரங்குக்குப் போன அன்றே கைபேசியில் எடுத்த படங்களை அச்சிட்டு, பழைய நோட்டு அட்டையில் ஒட்டிப் பன்னிரண்டு பக்கம் செய்தோம். சில பக்கங்களில் இருந்த வரிகள்:

'வெள்ளிக்கிழமை நான் நாடகம் பார்க்கப் போகிறேன். அம்மாவும் டீச்சரும் என்னோடு வருவார்கள்.'

'இது அரங்கின் வாசல். உள்ளே நிறையப் பேர் இருப்பார்கள். சிலர் சத்தமாகப் பேசுவார்கள்.'

'இது என் நாற்காலி. எழுந்தால் டப் என்று மடங்கும்.'

'மணி அடிக்கும். பிறகு விளக்கு அணையும். இருட்டாக இருக்கும். நான் 10 வரை எண்ணினால் மேடையில் விளக்கு வரும்.'

'ஒருவர் புலி முகமூடி போட்டு வருவார். அவர் நிஜப் புலி இல்லை. உள்ளே ஓர் அண்ணன் இருக்கிறார்.'

'சத்தம் பிடிக்கவில்லை என்றால் காதுக் கவசம் போட்டுக்கொள்ளலாம். மஞ்சள் அட்டையைக் காட்டினால் வெளியே திண்ணைக்குப் போகலாம். மறுபடி உள்ளே வரலாம். வராமலும் இருக்கலாம்.'

கதையின் முடிவைக் கூடச் சொல்லிவிட்டோம். சுவை கெட்டுவிடாதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். வள்ளி கடைசியில் முருகனைக் கட்டிக்கொள்வாள் என்று தெரியாமலா ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது?

வகுப்பில் ஒத்திகை

புலி முகமூடியைக் குழுவினரிடம் ஒருநாள் இரவல் வாங்கி வந்தோம். அவன் முதல்நாள் அதை ஓரக்கண்ணால் பார்த்தான். மூன்றாம் நாள் போட்டுக்கொண்டு கழற்ற மறுத்தான். வகுப்பறைச் சன்னல்களைச் சேலையால் மூடி முதலில் அரை நிமிடம், பிறகு ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் என்று இருட்டில் உட்கார்ந்தோம். கைதட்டலைக் கைபேசியில் பதிந்து, குறைந்த ஒலியிலிருந்து நாள்தோறும் சற்றுக் கூட்டினோம். முகம் சுளித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அவசரப்பட்டால் எல்லாம் பாழ்.

இதில் எதிர்பாராத பயன் மற்றப் பிள்ளைகளிடம் தெரிந்தது. 'அவனுக்கு ஏன் காது வலிக்குது டீச்சர்?' என்று நேராகக் கேட்டார்கள். அவன் அம்மாவின் ஒப்புதலோடு, எளிமையாகச் சொன்னேன். காது கேளாதோர் கைகளை உயர்த்தி அசைத்துப் பாராட்டும் வழக்கத்தைச் சொன்னதும், எங்கள் வகுப்பு மட்டும் அப்படியே செய்யலாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். 'அவன் எழுந்து போனால் திரும்பிப் பார்க்கக் கூடாது' என்பதும் அவர்கள் போட்ட விதிதான். நான் போட்டிருந்தால் இரண்டு பேர் மீறியிருப்பார்கள்.

காதுக் கவசம் பற்றி ஒரு சொல். தொழிற்சாலைகளில் அணியும் வகை, பாதுகாப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வாங்கித் தந்தது. புதிதாக வாங்கி அன்றைக்கே மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பல நாள் பழக வேண்டும். அதோடு பையில் தண்ணீர், மாற்றுடை, அம்மாவின் பழைய சேலைத் துண்டு, இரண்டு கடலை மிட்டாய் வைத்தோம். கோவில்பட்டிக்காரர்கள் கடலை மிட்டாய் இல்லாமல் எங்கே போனார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை

அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். கூட்டம் சேரும்முன் உள்ளே போய் அமர்ந்தோம். அவன் படக்கதையைப் புரட்டி ஒவ்வொன்றையும் சரிபார்த்தான்: வாசல், நாற்காலி, டப். மணி அடித்தது. விளக்கு அணைந்தது. அவன் உரக்க எண்ணத் தொடங்கினான். பத்து வந்தது, மேடையில் விளக்கு வரவில்லை. பதினைந்து, இருபது. குரல் ஏறிக்கொண்டே போனது. இருபத்து மூன்றில்தான் வெளிச்சம் வந்தது. முன்னால் யாரோ சிரித்தார்கள். அவன் விரல்கள் பொத்தானைத் திருகின.

தவறு என்னுடையது. என்னால் உறுதி தர முடியாத எண்ணை எழுதியிருக்கக் கூடாது. 'கொஞ்ச நேரத்தில் வரும். சில சமயம் தாமதமாகும்' என்று எழுதியிருக்க வேண்டும். இப்போது அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டோம்.

கவசத்தைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டான். பன்னிரண்டு நிமிடம் இருந்தான். புலி வந்தபோது, "உள்ள அண்ணன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். நடிகர்கள் கீழே இறங்கிப் பிள்ளைகள் கத்தத் தொடங்கியதும் மஞ்சள் அட்டை வந்துவிட்டது. நான் அவன் கையைப் பிடிக்கவில்லை. அவன் முன்னால் நடக்க, பின்னால் நான் போனேன். எங்கள் வகுப்பில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திண்ணையில் சேலைத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கிடந்தான். அம்மா பதறி எழுந்து வந்தார். "நான் பாத்துக்கிடுதேன், நீங்க உள்ள போங்க" என்றேன். தயங்கித் தயங்கிப் போனார். சற்று நேரம் கழித்து அவனாக எழுந்து, கதவு இடுக்கில் ஒரு கண்ணை வைத்து நின்றான். கடைசிக் காட்சி வரை அப்படியே நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

நாடகம் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கடைசியாக அம்மா வந்தார். கலியாணத்துக்குப் பிறகு உட்கார்ந்து பார்த்த முதல் நாடகமாம். அவன் பார்க்காத அந்த அரை மணி நேரக் கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டே வேனில் ஏறினார்.